ஃப்யூஷன் எலும்பில் ஒரு கான்டினென்டல்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஒருவர் ஃபோர்டின் சொகுசுப் பிரிவான லிங்கனின் 2018 மாடல் கான்டினென்டல் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அலுவலகத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்களாம். "அது ஃபோர்டு ஃப்யூஷன்தானே? மேலே கொஞ்சம் குரோமும் தோலும் போட்டு ஃபிளாக்‌ஷிப் என்று விற்றார்கள்" என்கிறார்களாம். சாதாரணக் காரின் பிளாட்ஃபார்மில் கட்டிய செடானை ஒரு சொகுசு நிறுவனம் தன் முதன்மைக் கார் என்று சொல்லிக்கொள்வது நியாயமா என்று கேட்கிறார்.

பிளாட்ஃபார்மைப் பகிர்ந்துகொண்டதால் மட்டும் எந்தக் காரும் அந்தத் தகுதியை இழப்பதில்லை என்பது என் கருத்து. ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்வது வெறும் கிண்டலும் இல்லை. கான்டினென்டலில் குறை உண்டு. அவர்கள் அதை வேறு இடத்தில் தேடுகிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயம். 2012இல் வந்த ஃப்யூஷனுக்காக ஃபோர்டு உருவாக்கிய பிளாட்ஃபார்மின் பெயர் சிடி4. ஐரோப்பாவில் மான்டியோ, அமெரிக்காவில் எட்ஜ், லிங்கனில் எம்கேஇஸட் என்று அதே குடும்பத்தில் பல கார்கள் வந்தன. 2016 இறுதியில் விற்பனைக்கு வந்த கான்டினென்டலும் அந்த வீட்டுப் பிள்ளைதான். ஃப்யூஷனின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், 2,850 மில்லிமீட்டர். கான்டினென்டலில் அதை 2,994 ஆக இழுத்தார்கள். மொத்த நீளம் ஐந்து மீட்டரைத் தாண்டியது. ஆக, ஃப்யூஷனின் உடம்பில் வேறு சட்டை மாட்டிவிட்டார்கள் என்பது தவறு. ஃப்யூஷனின் எலும்பை நீட்டி அதன்மேல் வேறு உடம்பையே கட்டினார்கள்.

பிளாட்ஃபார்ம் என்றதும் பலர் காரின் அடித்தகடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். தகடு பெரிய விஷயமே இல்லை, அதை நீட்டலாம், அகலப்படுத்தலாம். எளிதில் மாற்ற முடியாத சில அளவுகள் இருக்கின்றன. இன்ஜின் எந்தத் திசையில் உட்காருகிறது, முன் அச்சுக்கும் டேஷ்போர்டுக்கும் எவ்வளவு தூரம், சஸ்பென்ஷன் எந்தப் புள்ளிகளில் மாட்டுகிறது, மோதினால் விசை எந்த வழியாகப் போகிறது, மின்சார அமைப்பு எவ்வளவு தாங்கும் என்பவைதான் பிளாட்ஃபார்ம். கோடிக்கணக்கான டாலர் போவது இவற்றைத் தீர்மானித்துச் சோதிப்பதற்குத்தான். அதனால்தான் எல்லா நிறுவனங்களும் இதைப் பல கார்களுக்குப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

எல்லா நிறுவனங்களும் என்று தெரிந்துதான் சொன்னேன். 2017இல் வந்த ஆடி ஏ8 நிற்கும் எம்எல்பி ஈவோ என்ற அமைப்பு அதற்கு இரண்டு வருடம் முன்பே ஏ4 காரில் வந்துவிட்டது. க்யூ7, போர்ஷே கயன், பென்ட்லி பென்டேகா, லம்போர்கினி உருஸ் எல்லாம் அதே கூட்டம். பிஎம்டபிள்யூவில் 2015இல் 7 சீரிஸில் தொடங்கிய க்ளார் அமைப்பு அப்புறம் 5 சீரிஸுக்கும் 3 சீரிஸுக்கும் இறங்கியது. ஆனால் 7 சீரிஸைப் பார்த்து "அடியில் 3 சீரிஸ்தானே" என்று யாரும் சிரிப்பதில்லை. சிரிக்காததற்குக் காரணமும் இருக்கிறது. அந்த அமைப்பு மேலிருந்து கீழே வந்தது. பெரிய, கனமான, விலை உயர்ந்த காருக்கு என்ன தேவையோ அதை முதலில் எழுதிக்கொண்டு வடிவமைத்தார்கள். சின்னக் கார் அந்த வசதிகளை இனாமாகப் பெற்றுக்கொண்டது. கான்டினென்டலின் கதை கீழிருந்து மேலே போனது. இருபதாயிரத்துச் சொச்சம் டாலருக்கு விற்க வேண்டிய குடும்பக் காருக்கு எது போதும் என்று முடிவு செய்துவிட்டு, அதன் உச்சியில் லிங்கன் கொடியை நட்டார்கள். சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை போதும். கான்டினென்டலைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன் சக்கரம் முடியும் இடத்துக்கும் முன் கதவு தொடங்கும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது? குறைவுதான். முன் பம்பர் சக்கரத்துக்கு முன்னால் நிறையவே நீட்டிக்கொண்டிருக்கும். இன்ஜின் குறுக்காக உட்கார்ந்து முன் சக்கரங்களை ஓட்டும் கார்களின் உடல்வாகு அப்படி. இன்ஜின் நீளவாக்கில் உட்காரும் மெர்சிடிஸ் எஸ் கிளாஸையோ 7 சீரிஸையோ பாருங்கள், முன் சக்கரம் பம்பரை நோக்கித் தள்ளிப் போயிருக்கும், பானெட் நீண்டு தெரியும். பல தலைமுறைகளாக விலை உயர்ந்த செடான் என்றால் கண் எதிர்பார்ப்பது இந்த விகிதத்தைத்தான். என்ன காரணம் என்று வாங்குபவருக்குச் சொல்லத் தெரியாது. "என்னவோ குறைகிறது" என்று மட்டும் தோன்றும். குரோமால் அதைச் சரிசெய்ய முடியாது. லிங்கனின் வடிவமைப்பாளர்கள் கெட்டிக்காரர்கள். கதவுப் பிடியைக் கண்ணாடிக்குக் கீழே ஓடும் பளபளப்பான பட்டைக்குள்ளேயே ஒளித்து, உடம்பை ஒரே கோடாகக் காட்டி, முடிந்தவரை கண்ணை ஏமாற்றினார்கள். முக்கால்வாசி ஏமாற்றிவிட்டார்கள் என்றே சொல்வேன்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2015இல் நியூயார்க் கண்காட்சியில் கான்டினென்டலின் மாதிரி வடிவத்தைக் காட்டியபோது, பென்ட்லியின் அன்றைய வடிவமைப்புத் தலைவர் லூக் டொன்கர்வோல்கே அது தங்கள் ஃப்ளையிங் ஸ்பரைப் பார்த்துச் செய்ததுபோல இருக்கிறது என்று வெளிப்படையாகவே சீண்டினார். அந்த ஃப்ளையிங் ஸ்பரின் அடியில் இருந்தது என்ன தெரியுமா? ஃபோக்ஸ்வாகன் ஃபேட்டனோடு பகிர்ந்துகொண்ட டி1 பிளாட்ஃபார்ம். பென்ட்லி வாங்கியவர் எவரும் அதற்காக வெட்கப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சரி, இன்ஜினுக்கு வருவோம். என் பார்வையில் கான்டினென்டல் உண்மையில் சறுக்கியது இங்கேதான். மூன்று இன்ஜின்கள் இருந்தன. அடிப்படை மாடலில் 3.7 லிட்டர் வி6, நடுவில் 335 குதிரைத்திறன் கொண்ட 2.7 லிட்டர் இரட்டை டர்போ, உச்சியில் 400 குதிரைத்திறன் தரும் 3.0 லிட்டர் இரட்டை டர்போ. காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே 2.7 லிட்டர் இன்ஜின், பத்து குதிரைத்திறன் குறைவாக, 2017 ஃப்யூஷன் ஸ்போர்ட்டிலும் கிடைத்தது. அதே 400 குதிரைத்திறன் இன்ஜின், விலை குறைந்த எம்கேஇஸட்டிலும் கிடைத்தது. ஆறு கியர் ஆட்டோமேட்டிக்தான் எல்லாவற்றுக்கும். ஜெர்மானியர்கள் எட்டு, ஒன்பது கியர் என்று போய்க்கொண்டிருந்த காலம் அது. ஒரு நிறுவனத்தின் முதன்மைக் காரில், அந்தக் காசைக் கொடுத்தால் மட்டுமே கிடைக்கும் ஒன்றாவது பானெட்டுக்கு அடியில் இருக்க வேண்டும். கான்டினென்டலில் அது இல்லை. உங்கள் நண்பர்கள் பிளாட்ஃபார்மை விட்டுவிட்டு இதைச் சொல்லிச் சிரித்திருந்தால் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பேன்.

இனி எதிர்ப்பக்கம். இந்தப் பெயரின் வரலாறு தெரிந்தால், "பகிர்ந்த காரை எப்படி கான்டினென்டல் என்று சொல்லலாம்" என்ற கேள்வியே கொஞ்சம் விநோதமாகத் தெரியும்.

1938இல் ஹென்றி ஃபோர்டின் மகன் எட்ஸல் ஃபோர்டு, அடுத்த வருடம் ஃப்ளோரிடாவில் விடுமுறைக்கு எடுத்துப்போகத் தனக்கென்று ஒரு கார் கேட்டார். வடிவமைப்பாளர் பாப் கிரெகரி புதிதாக எதையும் தொடங்கவில்லை. லிங்கன் ஸெஃபிர் காரின் வரைபடத்தை எடுத்து அதன் மேலேயே கோடு போட்டு, உயரத்தைக் குறைத்து, பானெட்டை நீட்டி, ஸ்பேர் சக்கரத்தைப் பின்னால் வெளியே நிறுத்தினார். ஸெஃபிர் லிங்கனின் உச்சக் கார் அல்ல, நடுத்தர விலைக்காக வந்தது. அதன் பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜினே ஃபோர்டின் சாதாரண வி8 வடிவமைப்பிலிருந்து கிளைத்ததுதான். ஃப்ளோரிடாவில் பார்த்தவர்கள் எல்லாம் எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்க, கார் உற்பத்திக்கு வந்தது. முதல் கான்டினென்டலே பகிர்ந்த கார்!

பலரும் கான்டினென்டல் என்றதும் நினைவுகூர்வது 1961 மாடலை. பின் கதவுகள் எதிர்த்திசையில் திறக்கும், பக்கவாட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லாத கார். கென்னடியின் திறந்த காரும் அந்த மாடலை வைத்துக் கட்டியதுதான். வடிவமைப்பாளர் எல்வுட் எங்கல் அதை முதலில் வரைந்தது லிங்கனுக்காக அல்ல, ஃபோர்டு தண்டர்பேர்டுக்காக. ஃபோர்டில் அன்று உயர் பொறுப்பில் இருந்த ராபர்ட் மக்னமாரா அந்தக் களிமண் மாதிரியைப் பார்த்துவிட்டு, இதை நான்கு கதவு லிங்கனாக மாற்ற முடியுமா என்று கேட்டார். கட்டமைப்பிலும் தண்டர்பேர்டோடு உறவு இருந்தது. அதற்கு முந்தைய லிங்கனைவிட ஒரு அடிக்கு மேல் நீளம் குறைந்தது. அமெரிக்கக் கார் வடிவமைப்பின் சிகரங்களில் ஒன்று என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

யாரோடும் பகிராமல் தனியாகக் கட்டிய கான்டினென்டலும் உண்டு. 1956 மாடலாக வந்த மார்க் 2. அதற்கென்று தனிப் பிரிவு, தனித் தொழிற்சாலை, கையால் மெருகேற்றிய வேலை. விலை பத்தாயிரம் டாலரைத் தொட்டது, அன்றைக்கு அது ரோல்ஸ் ராய்ஸ் வாங்கும் ஆட்களின் விலை. இரண்டே வருடத்தில் சுமார் 3,000 கார்கள் செய்து முடித்துக்கொண்டார்கள். அந்த விலைக்கு விற்றும் ஒவ்வொரு காரிலும் ஃபோர்டுக்கு நட்டம். அழகான கார், சந்தேகமில்லை. ஆனால் ஒரு நிறுவனம் எத்தனை முறை அப்படிச் செய்ய முடியும்?

பகிர்ந்ததால் பெயர் கெட்ட காலமும் இருந்தது. 1982இல் ஃபாக்ஸ் பிளாட்ஃபார்ம், அதாவது ஃபேர்மான்ட், மஸ்டாங் கார்களின் அடித்தளம். 1988இல் டாரஸின் அடித்தளம், 3.8 லிட்டர் வி6, முன் சக்கர இயக்கம். 2002 வரை முன் சக்கர இயக்கத்தோடே இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார்கள். உங்கள் நண்பர்களில் வயதானவர் யாராவது இருந்தால் அவருடைய சிரிப்பு அந்தக் காலத்து ஞாபகத்திலிருந்து வருகிறது. அதில் தப்பில்லை.

தனி பிளாட்ஃபார்ம் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஜெனரல் மோட்டார்ஸ் அந்தச் சோதனையை நமக்காகச் செய்து காட்டிவிட்டது. கேடிலாக் எக்ஸ்டிஎஸ் 2012இல் வந்தது. ப்யூக் லக்ராஸ், செவ்ரோலே இம்பாலா கார்களோடு பகிர்ந்த எப்ஸிலான் 2 பிளாட்ஃபார்ம், குறுக்கு இன்ஜின், அதாவது கான்டினென்டலின் அதே செய்முறை. விமர்சகர்கள் அதைப் போட்டுத் தாக்கினார்கள். அப்புறம் 2016இல் கேடிலாக் சிடி6 என்ற கார் வந்தது. ஒமேகா என்ற புத்தம்புது பிளாட்ஃபார்ம், நீளவாக்கில் இன்ஜின், பின் சக்கர இயக்கம், அலுமினியமும் எஃகும் கலந்து கட்டிய இலேசான உடம்பு. பொறியியலில் அசத்தல். ஆனால் இரண்டும் ஒரே ஷோரூமில் நின்றபோது அமெரிக்காவில் அதிகம் விற்றது எக்ஸ்டிஎஸ்தான். வாடகைக் கார் நிறுவனங்களும் விமான நிலைய ஓட்டுநர்களும் வாங்கினார்கள் என்பது உண்மை. ஆனாலும் சிடி6ஐத் தேடி வர வேண்டியவர்கள் வரவில்லை. அமெரிக்காவில் நான்கு வருடத்தில் அதன் கதை முடிந்தது.

ஃபேட்டன் அதைவிடப் பரிதாபம். பென்ட்லி தரத்தில் அடித்தளம், பன்னிரண்டு சிலிண்டர் வரை இன்ஜின், டிரெஸ்டனில் கண்ணாடிச் சுவர் வைத்த தனித் தொழிற்சாலை என்று ஃபோக்ஸ்வாகன் தலைவர் ஃபெர்டினாண்ட் பியெஹ் கேட்டதெல்லாம் கிடைத்தது. மூக்கில் மட்டும் போலோ காரில் இருக்கும் அதே சின்னம். அமெரிக்காவில் மூன்று மாடல் வருடங்கள்கூடத் தாக்குப்பிடிக்க அது திணறியது. அடியில் என்ன இருக்கிறது என்று வாங்குபவர் குனிந்து பார்ப்பதில்லை. மேலே என்ன தெரிகிறது, பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று பார்க்கிறார்.

ஃபிளாக்‌ஷிப் என்ற சொல்லே கடற்படையிலிருந்து வந்தது. தளபதி ஏறி நின்று தன் கொடியைப் பறக்கவிடும் கப்பல். அதே அச்சில் கட்டிய வேறு நான்கு கப்பல்கள் அந்தப் படையில் இருக்கலாம். தளபதி எதில் இருக்கிறாரோ, மற்றவை எதைப் பார்த்துத் திரும்புகின்றனவோ, அதுதான் கொடிக்கப்பல். இந்த அளவுகோலில் பார்த்தால் கான்டினென்டல் தன் வேலையைச் செய்தது என்பேன். 2016க்கு முன் லிங்கனின் பெயர்ப்பலகைகளை ஞாபகம் இருக்கிறதா? எம்கேஎஸ், எம்கேஇஸட், எம்கேஎக்ஸ், எம்கேசி, எம்கேடி. விற்பவருக்கே குழம்பும். கான்டினென்டல் வந்த பிறகுதான் நிறுவனம் மறுபடி பெயர்களுக்குத் திரும்பியது: நாட்டிலஸ், ஏவியேட்டர், கோர்செயர். அதற்கு முந்தைய இறக்கை பிரிந்தது போன்ற கிரில்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, கான்டினென்டலின் கிரில்லை எல்லாக் கார்களுக்கும் கொடுத்தார்கள். முப்பது விதமாக அசையும் இருக்கை அடுத்து வந்த லிங்கனின் பெரிய எஸ்யூவியான நேவிகேட்டருக்குப் போனது. ஓட்டும் வேகத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு அமைதி, ஓய்வு என்று பேச ஆரம்பித்ததும் இந்தக் காரோடுதான். மற்றவை இதைப் பார்த்துத்தான் திரும்பின.

அந்த அமைதி விளம்பரப் பேச்சு மட்டும் இல்லை. ஒரு முறை டெட்ராய்ட் விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் இதன் பின் இருக்கையில் போயிருக்கிறேன். குளிர்காலம், மிச்சிகன் சாலைகளின் லட்சணம் உங்களுக்கே தெரியும். பள்ளங்கள் எங்கோ தூரத்தில் நடக்கும் விஷயம்போலக் கேட்டன. இருக்கையைச் சாய்த்துக்கொண்டு, முதுகைப் பிடித்துவிடச் சொல்லிவிட்டு, பாதி வழியில் தூங்கிவிட்டேன். குறுக்கு இன்ஜினா நேர் இன்ஜினா என்று அந்த இருக்கையிலிருந்து யாரும் சொல்ல முடியாது. சீனாவைக் குறிவைத்துப் பின் இருக்கைக்கு இவ்வளவு செலவழித்தார்கள். அங்கே சொந்தக்காரர் பின்னால்தான் உட்காருவார். காரோ மிச்சிகனில் ஃப்ளாட் ராக் தொழிற்சாலையில், மஸ்டாங்குக்குப் பக்கத்தில் தயாராகி ஏற்றுமதியானது. 2018 ஜூலையில் சீனா அமெரிக்கக் கார்களுக்கு 40 சதவீத வரி போட்டபோது அந்தக் கணக்கிலும் மண் விழுந்தது.

விலையையும் பார்க்க வேண்டும். கான்டினென்டல் தொடங்கியது சுமார் 45 ஆயிரம் டாலரில். எஸ் கிளாஸ் அதைப்போல இரண்டு மடங்கு. ஆகவே லிங்கனின் முதன்மைக் கார் என்ற பட்டம் சரி, உலகத்து முதன்மைக் கார்களின் வரிசையில் வைத்தால் சரியில்லை. லிங்கனுக்கும் இது தெரிந்துதான் இருந்தது. 2019இல் 80ஆம் ஆண்டு நிறைவுக்காக 80 கார்களை மாசசூசெட்ஸில் ஒரு கட்டுமானப் பட்டறைக்கு அனுப்பி, ஆறு அங்குலம் நீட்டி, 1961 போலவே எதிர்த்திசையில் திறக்கும் பின் கதவுகளை வைத்தார்கள். விலை ஒரு லட்சம் டாலருக்கு மேல். ஃப்யூஷன் எலும்புதான், வாங்குபவருக்கும் தெரியும். உடனே விற்றுத் தீர்ந்தது. அந்தக் கதவை முதல் நாளிலேயே எல்லாக் கான்டினென்டலுக்கும் கொடுத்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

பகிர்வதில் அதிகம் பேசப்படாத ஆபத்து வேறு. கூட்டுக் குடும்பத்தில் சம்பாதிக்கும் அண்ணன் வெளியேறினால் எல்லோருக்கும் சிக்கல். 2018 ஏப்ரலில், மஸ்டாங்கைத் தவிர செடான் முதலான பயணிகள் கார்களை வட அமெரிக்காவில் ஏறக்குறைய முழுவதுமாகக் கைவிடப் போவதாக ஃபோர்டு அறிவித்தது. 2020இல் ஃப்யூஷன் நின்றது, எம்கேஇஸட் நின்றது, அந்த வருடக் கடைசியில் கான்டினென்டலும் நின்றது. முதல் வருடமே அமெரிக்காவில் 12 ஆயிரம் அளவில்தான் விற்ற கார், அப்புறம் இறங்கிக்கொண்டே போனது. அதை நம்பி யார் தனியாக ஒரு பிளாட்ஃபார்மை உயிரோடு வைத்திருப்பார்கள்? கொடுமை என்னவென்றால், நீளவாக்கில் இன்ஜின் உட்காரும் சிடி6 பிளாட்ஃபார்ம், கேடிலாக் சிடி6 வேறு இது வேறு, 2019இலேயே ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரிலும் லிங்கன் ஏவியேட்டரிலும் வந்துவிட்டது. கான்டினென்டலுக்கு வேண்டிய எலும்பு வீட்டுக்கு வந்த நேரத்தில் கான்டினென்டலையே வழியனுப்பிவிட்டார்கள்.

இப்போது லிங்கனின் உச்சியில் இருப்பது நேவிகேட்டர். அது ஃபோர்டு எக்ஸ்பெடிஷனோடு, இன்னும் சொன்னால் எஃப்-150 சரக்கு வண்டியோடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்கிறது. 2018இல் கான்டினென்டலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விற்றது, அதுவும் அதைவிட மிக அதிக விலைக்கு. உங்கள் அலுவலக நண்பர்களில் யாராவது நேவிகேட்டர் வைத்திருந்தால் "அடியில் லாரிதானே" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

வாங்குவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2.7 லிட்டரே போதும். எஃப்-150, எட்ஜ் ஸ்போர்ட் வரை போன இன்ஜின் என்பதால் அதைத் தெரியாத மெக்கானிக் அமெரிக்காவில் இருக்க மாட்டார். சஸ்பென்ஷன், பிரேக் வேலைகளிலும் அந்தக் குடும்ப உறவு உங்கள் பர்ஸுக்கு நல்லதே செய்யும். கான்டினென்டலுக்கென்றே செய்த பாகங்களில்தான் கவனம் வேண்டும். நான்கு கதவுகளையும் நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள், அவை மின்சாரத் தாழ்ப்பாளில் இயங்குபவை. விளக்குகளில் விரிசல் இருக்கிறதா, இருக்கை அசைவுகள் ஒவ்வொன்றும் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். முடிந்தால் பின் இருக்கைத் தொகுப்பு உள்ள காராகத் தேடுங்கள். அப்புறம் ஓட்டிப் பார்க்கும்போது சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் ஏறி உட்காருங்கள்.